மூலநிரல் ஓரிடம், பில்ட் ஓரிடம்: இரண்டையும் பிரித்து வைக்க முழுமையான வழிகாட்டி

ஓர் ஐப்பசி மாத மாலை. கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு பசுந்தேயிலைக் கொள்முதல் நிலையத்தில் நாங்கள் எழுதிய எடை மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. அரவேணு பக்கத்திலிருந்து இலை கொண்டுவந்த பெரியவர் ஒருவர் சீட்டை என்னிடம் நீட்டினார். "தம்பி, தராசு 28 கிலோ காட்டியது. சீட்டில் 27.1 என்று இருக்கிறது. சாக்குக்கு 900 கிராம் கழித்திருக்கிறீர்கள். நாங்கள் சாக்கை விட்டு நைலான் வலைக்கு மாறி எத்தனை நாளாகிறது?"

அவர் சொன்னது சரி. வலைக்கு 300 கிராம் கழித்தால் போதும் என்று ஒன்பது நாட்களுக்கு முன்பே நிரலில் மாற்றியிருந்தோம். நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கருவியான கிட்டின் வரலாற்றில் அது தெளிவாக இருந்தது. என் மடிக்கணினியில் பில்ட் செய்தால், அதாவது மூலநிரலிலிருந்து இயங்கும் நிரலை உருவாக்கினால், 300 என்றே கழித்தது. வெளியீட்டுப் பதிப்பைத் தயாரிக்கும் அலுவலகக் கணினியில் பில்ட் செய்தால் மட்டும் 900. அன்று இரவு மின்சாரம் இரண்டு முறை போய்வந்தது. காரணம் பிடிபடும்போது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது.

கழிவு எடை, பதிப்பு எண் போன்றவற்றை ஒரு வார்ப்புருவிலிருந்து 'கான்ஃபிக்.எச்' என்ற ஹெடர் கோப்பாக (மற்ற நிரல் கோப்புகள் தமக்குள் இழுத்துக்கொள்ளும் கோப்பு) பில்டை நடத்தும் கருவியான சிமேக் உருவாக்கும். தொடக்கக் காலத்தில் மூலநிரல் கோப்புறைக்குள்ளேயே பில்ட் செய்துகொண்டிருந்தோம். அப்போது உருவான பழைய கான்ஃபிக்.எச் அலுவலகக் கணினியின் மூலநிரல் கோப்புறையிலேயே கிடந்தது. பின்னாளில் பில்டுக்குத் தனிக் கோப்புறை வைத்தோம். புதிய கான்ஃபிக்.எச் அதற்குள் சரியாக உருவானது. ஆனால் சி, சி++ மொழிகளில் மேற்கோள் குறிக்குள் ஒரு ஹெடரைக் கேட்டால், கேட்கிற கோப்பு இருக்கும் கோப்புறையில்தான், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் முதலில் தேடும். அங்கே இல்லாவிட்டால்தான் நாம் சுட்டிக்காட்டிய மற்ற இடங்களுக்குப் போகும். பக்கத்திலேயே பழைய கோப்பு கிடந்ததால் புதியதை அது தொடவே இல்லை. எந்த எச்சரிக்கையும் வரவில்லை. கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றைச் சொல்லும் கிட்இக்னோர் பட்டியலில் அந்தக் கோப்பின் பெயர் வேறு இருந்தது. அதனால் கிட் ஸ்டேட்டஸ் கட்டளையிலும் அது தென்படவில்லை.

ஒரு மூட்டைக்கு 600 கிராம் என்பது விவசாயியின் கையிலிருந்து நேராகப் போகிற பணம். அதன் பிறகு எங்கள் எல்லாத் திட்டங்களையும் ஒழுங்குபடுத்தினோம். அந்த வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும், எங்கே கவனம் வேண்டும் என்பதைக் கீழே எழுதுகிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். விசைப்பலகையில் அவற்றின் ஆங்கில வடிவத்தை அடித்துக்கொள்ளுங்கள்.

எது மூலம், எது விளைவு

தேயிலைத் தொழிற்சாலைக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். பசுந்தேயிலை வந்து இறங்குகிற இடம் வேறு. வாட்டும் தொட்டிகள் வேறு. அரைத்து, புளிக்கவைத்து, உலர்த்தி, சலித்து எடுத்த தூளைப் பொதிகிற அறை முற்றிலும் வேறு. தூள் ஈரத்தையும் வாடையையும் உடனே இழுத்துக்கொள்ளும். பச்சை இலை கிடக்கும் தளத்தில் அதைக் கொட்டி வைக்க எந்த மேற்பார்வையாளரும் விடமாட்டார்.

நிரலிலும் இதே பிரிவினைதான். ஆனால் வகைகள் இரண்டல்ல, நான்கு. ஒவ்வொரு கோப்பையும் எடுத்து, "இது அழிந்தால் எங்கிருந்து திரும்பி வரும்?" என்று கேட்டுப் பாருங்கள்.

மனிதர் எழுதியது, அழிந்தால் மறுபடியும் மனிதர்தான் எழுத வேண்டும் என்றால் அது மூலம். நிரல், வார்ப்புரு, சோதனை, பில்ட் விதிக் கோப்பு எல்லாம் இதில் அடக்கம். சார்புகளின், அதாவது நம் நிரல் நம்பியிருக்கும் பிறர் எழுதிய நூலகங்களின், பதிப்பைப் பூட்டி வைக்கும் 'பேக்கேஜ்-லாக்', 'கார்கோ.லாக்' போன்ற கோப்புகளைக் கருவிதான் எழுதுகிறது. ஆனாலும் அவை இந்த வகையைச் சேர்ந்தவை. அழித்துவிட்டு மறுபடி உருவாக்கினால் அதே பதிப்புகள் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அவற்றைக் கிட்டில் வைத்திருங்கள்.

ஒரே கட்டளையில் திரும்பி வரும் என்றால் அது விளைவு. ஆப்ஜெக்ட் கோப்பு (ஒவ்வொரு நிரல் கோப்பையும் கம்பைல் செய்தால் வரும் இடைநிலைக் கோப்பு), இயங்கும் நிரல், உருவாக்கிய ஹெடர், சுருக்கிய ஜாவாஸ்கிரிப்ட், சோதனை அறிக்கை ஆகியவை இந்த வகை.

இணையத்திலிருந்து இறக்கினால் வரும் என்றால் அது சார்பு. 'நோட்-மாட்யூல்ஸ்', பைத்தானின் மெய்நிகர் சூழல் இரண்டும் இதில் வரும். இவற்றையும் விளைவோடு சேர்க்காதீர்கள். மலையில் மழைக்காலத்தில் இணைப்பு நூலிழையாக இருக்கும்போது, பில்டை அழிக்கப் போய்ச் சார்புகளையும் சேர்த்து அழித்துவிட்டால் அந்த நாள் வேலை போயிற்று.

நான்காவது, உங்கள் கணினிக்கு மட்டும் சொந்தமானது: கடவுச்சொல் இருக்கும் 'டாட் என்வ்' கோப்பு, எடிட்டரின் தனிப்பட்ட அமைப்புகள். இவை எங்கிருந்தும் திரும்பி வராது. கிட்டிலும் இருக்கக் கூடாது. துப்புரவுக் கட்டளைகளில் முதலில் பலியாவது இவைதான்.

முதல் படி: இப்போது என்ன கலந்து கிடக்கிறது என்று பாருங்கள்

எதையும் அழிப்பதற்கு முன் முழுக் கோப்புறைக்கும் ஒரு நகல் எடுத்து வேறு வட்டில் வையுங்கள். பிறகு இந்த மூன்று கட்டளைகள்.

கிட் ஸ்டேட்டஸ் --இக்னோர்ட்

கிட் புறக்கணிக்கிற, ஆனால் வட்டில் கிடக்கிற எல்லாவற்றையும் இது காட்டும். எங்கள் பழைய கான்ஃபிக்.எச் இந்தப் பட்டியலில்தான் அகப்பட்டது. இந்தக் கட்டளையை ஒன்பது நாட்களுக்கு முன்பே ஓட்டியிருந்தால் அந்தப் பெரியவர் என்னிடம் வந்து கேட்க வேண்டியிருந்திருக்காது.

கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் -ஐ -சி --எக்ஸ்க்ளூட்-ஸ்டாண்டர்ட்

இது நேர் எதிர். புறக்கணிப்புப் பட்டியலில் இருந்தும், முன்பே சேர்க்கப்பட்டுவிட்டதால் கிட் இன்னும் சுமந்துகொண்டிருக்கும் கோப்புகளைக் காட்டும்.

கிட் கிளீன் -என்டிஎக்ஸ்

'என்' என்பது ஒத்திகை. எதையும் அழிக்காமல், எதை அழிக்கும் என்று மட்டும் சொல்லும். கடைசி எழுத்து எக்ஸ் பெரியதா சிறியதா என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். பெரிய எக்ஸ் என்றால் கிட் புறக்கணிக்கும் கோப்புகள் மட்டும் போகும். சிறிய எக்ஸ் என்றால் அவற்றோடு நீங்கள் புதிதாக எழுதி இன்னும் கிட்டில் சேர்க்காத கோப்புகளும் போகும். எதைப் போட்டாலும் டாட் என்வ் கோப்பு போய்விடும், ஏனென்றால் அதுவும் புறக்கணிப்புப் பட்டியலில்தான் இருக்கிறது. ஒத்திகைப் பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். காக்க வேண்டியதை வெளியே நகர்த்துங்கள். அதன் பிறகுதான் 'என்' இருந்த இடத்தில் 'எஃப்' போட வேண்டும்.

இரண்டாம் படி: பில்டுக்கு இடம் தேர்ந்தெடுங்கள்

மூன்று வழிகள் உண்டு. திட்டத்துக்குள்ளேயே 'பில்ட்' என்று ஒரே கோப்புறை. திட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கோப்புறை. அல்லது முற்றிலும் வெளியே, வேறு வட்டில்.

பெரும்பாலான சிறு அணிகளுக்கு முதல் வழியே போதும் என்பது என் கருத்து. எல்லாக் கருவிகளும் அதை எதிர்பார்க்கின்றன, புதிதாக வருபவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு நிபந்தனை: திட்டத்தில் உருவாகும் எல்லா விளைவும் அந்த ஒரே கோப்புறைக்குக் கீழேதான் இருக்க வேண்டும். அதற்குள் உட்பிரிவுகள் வையுங்கள். எங்களிடம் பிழை தேடுவதற்கு பில்ட்/டீபக், வெளியீட்டுக்கு பில்ட்/ரிலீஸ், தொழிற்சாலையில் இருக்கும் ராஸ்பெரி பை என்ற சிறு கணினிக்காக பில்ட்/பை, திரைப் பகுதிக்கு பில்ட்/வெப் என்று நான்கு உண்டு. ஒரே மூலத்திலிருந்து நான்கு விதமான பில்டுகளை ஒன்றையொன்று தொடாமல் வைத்திருக்க முடிவது, பிரித்து வைப்பதால் கிடைக்கும் மிகப் பெரிய வசதி. கலந்து வைத்திருந்த காலத்தில் டீபக்கிலிருந்து ரிலீஸுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் முழுவதையும் கம்பைல் செய்துகொண்டிருந்தோம்.

திட்டக் கோப்புறையை மேகச் சேமிப்போடு ஒத்திசைத்து வைத்திருப்பவர்கள் மட்டும் மூன்றாம் வழிக்குப் போக வேண்டும். ஒவ்வொரு கம்பைலுக்கும் நூற்றுக்கணக்கான ஆப்ஜெக்ட் கோப்புகள் மாறும். ஒத்திசைவு நிரல் அத்தனையையும் மேலேற்றப் பார்க்கும். கைபேசி ஹாட்ஸ்பாட்டை நம்பி வேலை செய்யும்போது அன்றைய டேட்டா மதியத்துக்குள் தீர்ந்துவிடும்.

மூன்றாம் படி: சிமேக்கை ஒழுங்குபடுத்துதல்

எங்கள் சிக்கல் இங்கேதான் பிறந்தது என்பதால் இதைச் சற்று நின்று விளக்குகிறேன். பழைய பாடங்களில் பில்ட் கோப்புறைக்குள் போய் 'சிமேக் ..' என்று அடிக்கச் சொல்வார்கள். அதை விட்டுவிட்டு, திட்டத்தின் மேல் கோப்புறையில் நின்றபடியே இப்படி அடியுங்கள்.

சிமேக் -எஸ் . -பி பில்ட்/டீபக்
சிமேக் --பில்ட் பில்ட்/டீபக்

எஸ், பி இரண்டும் பெரிய எழுத்து. முன்னது மூலம் இருக்கும் இடம், பின்னது பில்ட் நடக்கும் இடம். 2018இல் வந்த 3.13 பதிப்பிலிருந்து இந்த வடிவம் அதிகாரபூர்வமானது.

ஏன் இந்த வற்புறுத்தல் என்றால், பழைய வடிவத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. எப்போதோ ஒரு முறை மூலக் கோப்புறையில் தவறுதலாக சிமேக்கை ஓட்டியிருந்தால் அங்கே, சிமேக் தன் அமைப்புகளை நினைவில் வைக்கும் 'சிமேக்கேஷ்' கோப்பு விழுந்திருக்கும். அதற்குப் பிறகு பில்ட் கோப்புறைக்குள் நின்று 'சிமேக் ..' என்று அடித்தாலும், மேலே கேஷ் கோப்பைக் கண்டதும் சிமேக் அதையே பில்ட் இடமாக எடுத்துக்கொள்ளும். நீங்கள் உள்ளே நிற்கிறீர்கள், கோப்புகளோ வெளியே கொட்டுகின்றன. எத்தனை முறை முயன்றாலும் அப்படியேதான் நடக்கும். ஆகவே மூலக் கோப்புறையில் சிமேக்கேஷ் கோப்பும் 'சிமேக்ஃபைல்ஸ்' கோப்புறையும் இருந்தால் முதலில் அவற்றை அழியுங்கள்.

மறுபடி நடக்காமல் காவலும் போடலாம். மேல்நிலை சிமேக்லிஸ்ட்ஸ் கோப்பில் மூலக் கோப்புறை மாறியையும் பில்ட் கோப்புறை மாறியையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றாக இருந்தால் 'ஃபேட்டல் எரர்' செய்தியோடு நிறுத்தச் சொல்லுங்கள். நின்றாலும் கேஷ் கோப்பு விழுந்துவிடும் என்பதால் அதை அழிக்கும்படி அந்தச் செய்தியிலேயே எழுதிவிடுங்கள். தமிழில் எழுதினாலும் தடையில்லை. எங்கள் அணியில் தமிழிலேயே எழுதியிருக்கிறோம்.

அடுத்தது உருவாக்கிய ஹெடர்கள். 'கான்ஃபிகர்-ஃபைல்' கட்டளையில் வெளியீட்டுப் பெயரை வெறும் பெயராகக் கொடுத்தால், அது பில்ட் கோப்புறைக்குள்தான் போகும். மூலக் கோப்புறையின் முழுப் பாதையை யாராவது கைப்பட எழுதியிருந்தால் மட்டுமே வெளியே வரும். அப்படிப்பட்ட வரிகளைத் தேடி மாற்றுங்கள். பிறகு உருவாக்கிய ஹெடர்களுக்கு பில்டுக்குள் 'ஜெனரேட்டட்/எடை' என்று ஒரு தனிப்பிரிவு கொடுத்து, ஜெனரேட்டட் வரைக்குமான பாதையை மட்டும், கம்பைலர் ஹெடர்களைத் தேடும் இன்க்ளூட் பாதையில் சேருங்கள். நிரலில் 'கான்ஃபிக்.எச்' என்று மொட்டையாகக் கேட்காமல், கோண அடைப்புக் குறிக்குள் 'எடை/கான்ஃபிக்.எச்' என்று கேளுங்கள். கோண அடைப்பு போட்டால் கம்பைலர் பக்கத்துக் கோப்புறையில் தேடாது. இந்த ஒரு மாற்றம் இருந்திருந்தால், பழைய கோப்பு எத்தனை வருடம் கிடந்தாலும் எங்களுக்குத் தீங்கு வந்திருக்காது.

கழிவு எடையை ஹெடரில் வைத்ததே முறையல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை மாறும் எண் அது. இப்போது நிரல் தொடங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்புக்கு அதை நகர்த்திவிட்டோம்.

நான்காம் படி: மற்ற கருவிகள்

மேக் என்ற பில்ட் கருவி 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. அது தானாக எதையும் பிரித்து வைக்காது. ஆப்ஜெக்ட் கோப்பின் பாதைக்கு முன்னால் பில்ட் கோப்புறையை நீங்கள்தான் விதிகளில் எழுத வேண்டும். ஹெடர் சார்புகளைப் பதியும் '.டி' கோப்புகளும் அதே இடத்துக்குப் போக வேண்டும். லினக்ஸ் கெர்னல் போன்ற பெரிய திட்டங்களில் 'மேக் ஓ=கோப்புறை' என்று கொடுத்தாலே போதும். ஆட்டோகான்ஃப் திட்டங்களில் காலியான ஒரு கோப்புறைக்குள் போய் அங்கிருந்து கான்ஃபிகர் நிரலை ஓட்டலாம். மெசானில் உங்களுக்கு வேலையே இல்லை. மூலக் கோப்புறைக்குள் பில்ட் செய்ய அது மறுத்துவிடும். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

டைப்ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் சற்று நில்லுங்கள். டிஎஸ்கான்ஃபிக் கோப்பில் 'அவுட்டிர்' கொடுக்காமல் டிஎஸ்சி கம்பைலரை ஓட்டினால், ஒவ்வொரு '.டிஎஸ்' கோப்புக்குப் பக்கத்திலும் ஒரு '.ஜேஎஸ்' கோப்பை எழுதி வைக்கும். பார்ப்பதற்கு அசிங்கம் என்பதோடு இது முடிவதில்லை. வலைத் திரைகளை பில்ட் செய்யும் வீட் கருவி, நீட்சி இல்லாமல் ஒரு கோப்பைக் கேட்டால் இயல்பாக '.டிஎஸ்' கோப்புக்கு முன் '.ஜேஎஸ்' கோப்பைத்தான் தேடும். நீங்கள் டைப்ஸ்கிரிப்டைத் திருத்துகிறீர்கள், உலாவியில் ஓடுவது போன வாரத்து ஜாவாஸ்கிரிப்ட். எங்கள் கான்ஃபிக்.எச் கதை இங்கே வேறு உடையில் வருகிறது. வீட் போன்ற கருவி பயன்படுத்தினால் 'நோஎமிட்' போட்டு டிஎஸ்சியை வகைச் சரிபார்ப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டிஎஸ்சியே விளைவை எழுத வேண்டுமென்றால் 'ரூட்டிர்', 'அவுட்டிர்' இரண்டையும் கொடுங்கள். மூலத்தில் ஒரு கோப்பை நீக்கினால் அதன் பழைய விளைவை டிஎஸ்சி அழிக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

பைத்தானில் ஒரு காலத்தில், கம்பைல் செய்த வடிவமான '.பிஒய்சி' கோப்புகள் மூலத்துக்குப் பக்கத்திலேயே விழும். மூலத்தை நீக்கிய பிறகும் அந்தக் கோப்பை பைத்தான் எடுத்து ஓட்டும். 2011இல் வந்த 3.2 பதிப்பிலிருந்து அவை 'பைகேஷ்' என்ற உட்கோப்புறைக்குப் போயின. மூலம் இல்லாவிட்டால் அங்கிருப்பதை பைத்தான் தொடாது. 3.8 பதிப்பிலிருந்து 'பைத்தான்பைகேஷ்ப்ரிஃபிக்ஸ்' என்ற சூழல் மாறியில் ஒரு பாதை கொடுத்தால், எல்லாம் மூலத்துக்கு வெளியே அந்த இடத்துக்குப் போய்விடும்.

ரஸ்ட், மேவன் இரண்டும் 'டார்கெட்' கோப்புறையிலும், கிரேடில் 'பில்ட்' கோப்புறையிலும் தாமாகவே பிரித்து வைக்கும். ரஸ்டில் இடத்தை மாற்ற 'கார்கோ-டார்கெட்-டிர்' சூழல் மாறி உண்டு. கோ மொழியின் இடைநிலைக் கோப்புகள் வெளியே கேஷில் இருக்கும், ஆனால் இயங்கும் நிரல் நீங்கள் நிற்கும் கோப்புறையில் விழும். '-ஓ பில்ட்/' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். டாட்நெட் ஒவ்வொரு திட்டக் கோப்புக்கும் பக்கத்தில் 'பின்', 'ஓப்ஜ்' என்று இரண்டு கோப்புறைகளை உண்டாக்கும். எட்டாம் பதிப்பிலிருந்து எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்க்கும் 'ஆர்ட்டிஃபேக்ட்ஸ்' அமைப்பு இருக்கிறது.

ஐந்தாம் படி: கிட்

கிட்இக்னோர் கோப்பில் '/பில்ட்/' என்று முன்னும் பின்னும் சாய்கோடு போட்டு எழுதுங்கள். முன்னால் சாய்கோடு இருந்தால் திட்டத்தின் மேல்நிலையில் இருக்கும் பில்ட் கோப்புறையை மட்டும் கிட் புறக்கணிக்கும். அது இல்லாவிட்டால் எந்த ஆழத்தில் அந்தப் பெயர் வந்தாலும் புறக்கணிக்கும். உங்கள் பில்ட் நிரல்களை 'டூல்ஸ்/பில்ட்' என்ற இடத்தில் எழுதி வைத்திருந்தால், அவை கிட்டில் ஏறாமலே போய்விடும். வட்டு பழுதாகிற நாளில்தான் அது தெரியவரும்.

எல்லா விளைவும் ஒரே இடத்துக்குப் போன பிறகு கிட்இக்னோர் மிகச் சிறியதாகிவிட வேண்டும். '*.ஓ', '*.எக்ஸி', 'கான்ஃபிக்.எச்' போன்ற பழைய வரிகளை வைத்திருக்காதீர்கள். அவை இருக்கும்வரை, மூலக் கோப்புறையில் தவறி விழும் விளைவுகளை கிட் உங்கள் கண்ணில் காட்டாது. எங்கள் பட்டியல் 64 வரிகளிலிருந்து ஐந்தாகச் சுருங்கியது. உங்கள் எடிட்டருக்கு மட்டும் உரியவற்றைத் திட்டத்தின் கிட்இக்னோரில் எழுத வேண்டாம். உங்கள் கணினிக்கான பொதுப் புறக்கணிப்புக் கோப்பில் எழுதுங்கள்.

ஏற்கெனவே கிட்டில் ஏறிவிட்ட விளைவுகளை இறக்க:

கிட் ஆர்எம் -ஆர் --கேஷ்ட் கோப்புறைப்பெயர்

இது வட்டில் உள்ளதைத் தொடாமல் கிட்டின் கணக்கிலிருந்து மட்டும் எடுக்கும். மற்றவர்கள் இந்த மாற்றத்தைப் பெறும்போது அவர்கள் வட்டிலிருந்து அந்தக் கோப்புகள் நீங்கிவிடும். முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இந்த வேலைக்குத் தனிக் கமிட் (கிட்டில் ஒரு பதிவு) போடுங்கள், வேறு எந்தத் திருத்தத்தையும் அதோடு கலக்க வேண்டாம். பழைய வரலாற்றில் பெரிய கோப்புகள் தங்கி, குளோன் செய்ய (களஞ்சியத்தை முழுதாக நகலெடுக்க) வெகுநேரம் பிடித்தால் 'ஃபில்டர்-ரெப்போ' என்ற கருவி உண்டு. அது வரலாற்றையே திருத்தி எழுதுவதால் அணியில் எல்லோரும் புதிதாக குளோன் எடுக்க வேண்டியிருக்கும். அவ்வளவு அவசியம் இல்லையென்றால் அதைத் தொட வேண்டாம்.

மின்சாரம் போனால்

மலையில் வேலை செய்பவர்களுக்காகவே இந்தப் பகுதி. காற்று மழையில் மரக்கிளை கம்பியில் விழுந்தால் நொடியில் இருட்டு. கம்பைல் நடக்கும்போது நீங்கள் கன்ட்ரோல்-சி அடித்தால், பாதி எழுதிய கோப்பை மேக் அழித்துவிட்டுத்தான் நிற்கும். மின்சாரம் போனால் அதற்கு அந்த வாய்ப்புக் கிடைக்காது. வட்டில் பாதிக் கோப்போ, அளவு பூஜ்ஜியமான கோப்போ தங்கும். மேக் பார்ப்பது நேர முத்திரையை மட்டும்தான். ஆப்ஜெக்ட் கோப்பு மூலத்தைவிடப் புதியது என்றால் அதைச் சரியானதாகவே எடுத்துக்கொள்ளும். பிறகு இணைக்கும்போது, கோப்பின் வடிவம் தெரியவில்லை என்ற புரியாத பிழை வரும்.

ராஸ்பெரி பையிலேயே பில்ட் செய்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. நான்காம் பதிப்பு வரையிலான பலகைகளில் மின்சாரம் இல்லாதபோதும் ஓடும் கடிகாரம் கிடையாது. இணைப்பும் இல்லாமல் மறுபடி தொடங்கினால் நேரம் பின்தங்கி நிற்கும். அப்போது ஒரு கோப்பைத் திருத்தினால் அதன் முத்திரை பழைய ஆப்ஜெக்டைவிடப் பழையதாக விழும். மேக் அதைக் கம்பைல் செய்யாது. திருத்தியது நிரலில் வராது.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். பில்ட் கோப்புறையை முழுதாக அழித்துவிட்டு மறுபடி பில்ட் செய்வது. பிரித்து வைத்திருந்தால் அது ஒரு வரி வேலை. கலந்து வைத்திருந்தால் எதை அழிப்பது, எதை விடுவது என்று மெழுகுவத்தி வெளிச்சத்தில் தேட வேண்டும். மறுபடி கம்பைல் செய்ய நேரமாகுமே என்று தயங்குபவர்கள் 'சிகேஷ்' கருவியை நிறுவிக்கொள்ளுங்கள். மாறாத கோப்புகளின் விளைவை அது பில்டுக்கு வெளியே சேமித்து வைத்துத் திருப்பித் தரும்.

ஆறாம் படி: உண்மையிலேயே பிரிந்திருக்கிறதா என்று சோதியுங்கள்

இந்தப் படியை விட்டுவிட்டால் மேலே செய்ததெல்லாம் நம்பிக்கையாகத்தான் நிற்கும்.

முதலில் பில்ட் கோப்புறையை அழித்து மறுபடி பில்ட் செய்யுங்கள். வந்தால் நல்லது.

அடுத்து, மூலக் கோப்புறையை எழுத முடியாததாக மாற்றுங்கள். லினக்ஸில் 'சிஎச்மாட் -ஆர் ஏ-டபிள்யூ எஸ்ஆர்சி' போதும், ஆர் பெரிய எழுத்து. பிறகு பில்டை ஓட்டுங்கள். எந்த விதியாவது மூலத்துக்குள் எழுத முயன்றால், அனுமதி இல்லை என்ற பிழையோடு அந்த வரியிலேயே நிற்கும். ரூட் பயனராக ஓட்டினால் இந்தச் சோதனை பலிக்காது. டாக்கர் வைத்திருப்பவர்கள் மூலக் கோப்புறையை 'ஆர்ஓ' குறியோடு படிக்க மட்டும் இணைத்தால் இன்னும் உறுதி. பைத்தான் மட்டும் எழுத முடியாவிட்டால் சத்தமில்லாமல் விட்டுவிடும், பிழை சொல்லாது. முடிந்ததும் 'யு+டபிள்யூ' கொடுத்து உங்களுக்கான அனுமதியைத் திருப்பிக்கொள்ளுங்கள். எங்கள் திட்டத்தில் இந்தச் சோதனை மூன்று இடங்களைப் பிடித்தது. மூன்றில் ஒன்று, சோதனை நிரல் தன் மாதிரித் தரவுக்குப் பக்கத்திலேயே அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தது. ஒருவரும் அதை நினைத்துப் பார்க்கவில்லை.

மூன்றாவது, புத்தம் புதிய இடத்தில் எடுத்துப் பார்ப்பது.

கிட் வொர்க்ட்ரீ ஆட் ../சோதனை

அந்தக் கோப்புறையில் கிட்டில் உள்ளது மட்டும்தான் இருக்கும், பழையது எதுவும் இராது. இங்கே பில்ட் ஆகவில்லை என்றாலோ, ஆகி வேறு விளைவு தந்தாலோ, உங்கள் வழக்கமான கோப்புறையில் ஏதோ ஒளிந்திருக்கிறது. வெளியீட்டுப் பதிப்பை இப்போது நாங்கள் இப்படிப் புதிதாக எடுத்த இடத்தில் மட்டுமே தயாரிக்கிறோம். அணியில் இளையவர் ஒருவர், "அண்ணா, ஒரே ஒரு வரித் திருத்தம்தானே, இங்கேயே பில்ட் செய்து அனுப்பிவிடலாமா?" என்று கேட்பதுண்டு. ஒரு வரிக்கும் இதே வழிதான்.

தானியங்கிச் சோதனை வைத்திருந்தால் பில்ட் முடிந்ததும் 'கிட் ஸ்டேட்டஸ் --போர்சலின் --இக்னோர்ட்' ஓட்டி, பில்ட் கோப்புறையும் சார்புக் கோப்புறையும் தவிர வேறு ஏதாவது வந்தால் தோல்வி என்று நிறுத்துங்கள்.

ஏழாம் படி: பில்டிலிருந்து களத்துக்கு

பில்ட் கோப்புறையை அப்படியே பென்டிரைவில் போட்டுத் தொழிற்சாலைக்கு எடுத்துப் போகாதீர்கள். நூலகங்களின் பாதைகள் உங்கள் கணினியைச் சுட்டியபடி அதற்குள் பதிந்திருக்கும். உங்கள் மேசையில் ஓடும், அங்கே ஓடாது. களத்துக்குப் போவதற்கு மூன்றாவது இடம் ஒன்று வேண்டும்.

சிமேக் --இன்ஸ்டால் பில்ட்/ரிலீஸ் --ப்ரிஃபிக்ஸ் டிஸ்ட்

நீங்கள் நிறுவச் சொன்ன கோப்புகள் மட்டும் 'டிஸ்ட்' கோப்புறைக்குப் போகும், உள்ளே பதிந்த பில்ட் பாதைகளும் அப்போது நீங்கும். டிஸ்டும் ஒரு விளைவுதான் என்பதால் கிட்இக்னோரில் அதையும் சேருங்கள். எந்தக் கமிட்டிலிருந்து வந்தது என்ற அடையாளத்தை நிரலுக்குள் பதித்து, எடைச் சீட்டின் அடியில் சிறிய எழுத்தில் அச்சிடுங்கள். யாராவது சீட்டோடு வந்து கேட்டால், எந்தப் பதிப்பு அதைப் போட்டது என்று அங்கேயே தெரியும்.

காப்பு எடுக்கும்போது மூலமும் கிட் களஞ்சியமும் போதும். பில்டுக்குள் 'கேஷ்டிர்.டேக்' என்ற அடையாளக் கோப்பு இருந்தால், டார் கட்டளை '--எக்ஸ்க்ளூட்-கேஷஸ்' கொடுக்கும்போது அந்தக் கோப்புறையின் உள்ளடக்கத்தை விட்டுவிடும். கார்கோ அதைத் தானே எழுதுகிறது. மற்றவற்றுக்கு நீங்கள் வைக்கலாம்.

அந்த ஒன்பது நாள் கணக்கு எப்படி முடிந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். ஒவ்வொரு மூட்டைக்கும் தராசு காட்டிய மொத்த எடையைக் கழிவு போடாமல் தனி அட்டவணையில் எழுதி வைத்திருந்தோம். நிகர எடை அதிலிருந்து கணக்கிட்டு வருவது. அதனால் நிகர எடை முழுவதையும் அழித்துவிட்டு, திருத்திய நிரலைக் கொண்டு மொத்த எடையிலிருந்து மறுபடி கணக்கிட முடிந்தது. மறுநாள் காலை பெயர்வாரியாகப் பட்டியலை அச்சிட்டுக் கொள்முதல் நிலையத்தின் பலகையில் ஒட்டினோம். விடுபட்ட தொகை அந்த மாதத்து இலைப் பணத்தோடு எல்லோருக்கும் சேர்ந்து போனது. பெரியவர் பட்டியலில் தன் வரியை விரல் வைத்துப் படித்தார். தன் சீட்டோடு ஒரு முறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.